பையில் இரண்டு எடைக்கல்



 

இந்த மாத தியானத்துக்கு உபாகமம் 25-ம் அதிகாரம் 13 முதல் 16 வரையுள்ள வசனங்களை எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். அது கடைக்காரனுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. வாங்குகிறபோது பெரிய கல், விற்கிறபோது சின்னக் கல் என்று ஒரே பைக்குள் இரண்டு தினுசு எடைக்கல் வைத்திருக்கிறவனைக் கர்த்தர் அருவருக்கிறார். இந்த வசனத்தை நான் இருபது வருஷமாக வாசித்திருக்கிறேன். அது மளிகைக்கடைக்காரருக்குச் சொன்னது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவேன். என் கடையில் தராசே கிடையாது. ஆனாலும் என் பையில் இரண்டு கல் இருந்தது. அதை ஆண்டவர் எனக்குக் காட்டின விதத்தைத்தான் இந்தப் பக்கங்களில் சாட்சியாக எழுதுகிறேன்.

நம்மில் அநேகருக்குத் தெரியும், நான் முழுநேர ஊழியன் அல்ல. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்தேன். ஆனால் பிழைப்புக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். வளையல், ரிப்பன், பவுடர், சோப்பு, இந்தப் பத்து வருஷமாக மேக்கப் சாமான். ஆறு நாள் கவுண்டரில் நிற்பேன், ஏழாம் நாள் பிரசங்கபீடத்தில் நிற்பேன். இரண்டுக்கும் நடுவில் சட்டை மாற்றுவதோடு சரி என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம். நம் சபையில் வளர்ந்த ஒரு வாலிப சகோதரி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். (அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.) பி.எட். முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர இருந்தவள். இரண்டு கண்ணிமையிலும் வெண்புள்ளி. இரண்டு வருஷமாகத் தோல் டாக்டரிடம் வைத்தியம் பார்க்கிறாள். ஊரில் இன்னும் சிலர் அதை "வெண்குஷ்டம்" என்று சொல்லுகிறார்கள். தேவ ஜனமே, தயவுசெய்து அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். அது குஷ்டம் அல்ல, தொற்றுகிறதும் அல்ல. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் அழிந்துபோவதால் வருகிற வெண்மை, அவ்வளவுதான். லேவியராகமத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளை அளக்கக்கூடாது.

அவள் கேட்டது இது: "பாஸ்டர், பஸ்ல எல்லாரும் உத்து உத்துப் பாக்குறாங்க. கண்ணை மூடித் தெறக்கவே கூச்சமா இருக்கு. இமையில போடுறதுக்கு ஏதாவது இருக்கா? டாக்டரம்மா போடலாம்னு சொல்லிட்டாங்க. தேய்க்க மட்டும் கூடாதாம்."

நான் கடைக்காரன். எனக்குத் தெரிந்ததை முழு மனதோடு சொல்லிக் கொடுத்தேன். அதை இங்கேயும் எழுதுகிறேன். நம் சபைப் பிள்ளைகளில் யாருக்காவது பிரயோஜனப்படும்.

வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடிக்குமுன் பிரைமர் அடிக்கிறோம் அல்லவா? மேலே அடிக்கிற வர்ணம் பிடித்து நிற்பதற்காக. மேக்கப்பிலும் அதே பெயர், அதே வேலை. முகத்துக்கென்று ஒரு பிரைமர், கண்ணிமைக்கென்று ஒரு பிரைமர் வருகிறது. முகப் பிரைமரில் பெரும்பாலும் சிலிக்கோன் சேர்ந்திருக்கும். டைமெத்திக்கோன் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அது தோலின் சின்னச் சின்னக் குழிகளை நிரவி வழவழப்பாக்கும். இமைப் பிரைமரின் வேலை எண்ணெய்ப் பசையைத் தடுத்து, வர்ணத்தைப் பிடித்து வைப்பது. ஆகவே முகத்துக்கு வாங்கினதை இமைக்குப் போட்டுவிட்டு "நிக்கவே இல்லை" என்று கடைக்காரனைத் திட்டக்கூடாது.

கிரீம் ஐ-ஷேடோ என்பது மெழுகு, எண்ணெய், சிலிக்கோன் இவற்றில் நிறப்பொடியைக் குழைத்தது. அதில் இரண்டு வகை. ஒன்று, போட்டுச் சற்று நேரத்தில் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். மற்றது, கடைசிவரை பசையாகவே இருக்கும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது இமை மடிப்பில் போய் கோடு கோடாகச் சேர்ந்துவிடும். நம் ஊருக்கு உலருகிற வகைதான் சரி. மினுமினுப்பில்லாத நிறமாக எடுக்கவேண்டும். அவளுக்கு வேண்டியது கண்ணுக்குக் கலர் அல்ல; மற்ற இடத்துத் தோலோடு இமை ஒத்துப்போவது. அதனால் அவள் நிறத்துக்கு நெருங்கின பழுப்பு. கடை டியூப்லைட்டில் பார்த்து எடுக்கவேண்டாம் என்று சொல்லி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் கையில் தீட்டிக் காட்டினேன். வெள்ளைச் சாயம் அதிகம் கலந்த நிறம் மாநிறத் தோலில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அது வெளியே வந்தால்தான் கண்ணுக்குப் படும்.

போடுகிற விதம்: இமை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கவேண்டும். அரிசி மணியில் பாதியளவு பிரைமர் போதும், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. ஒரு நிமிஷம் பொறுக்கவேண்டும். பிறகு மோதிர விரலால் கிரீமைத் தொட்டுத் தொட்டு ஒற்றவேண்டும், இழுக்கக்கூடாது. ஏன் மோதிர விரல்? அதுதான் அழுத்தம் குறைவான விரல். இமைத் தோல் நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல். மெல்லியதாக ஒரு தடவை, உலர்ந்தபின் இன்னொரு தடவை. ஒரேயடியாக அப்பினால் வெடித்துவிடும். கடைசியில் கொஞ்சம் பவுடர். ராத்திரி கழுவும்போது எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூடின கண்ணின்மேல் சில விநாடி வைத்து, ஊறினபின் துடைக்கவேண்டும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் மெழுகும் சிலிக்கோனும் வராது, தோல்தான் நோகும். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் உரசினால் அந்த இடத்தில் புதுப் புள்ளி வரக்கூடும். டாக்டரம்மா தேய்க்காதே என்றது அதற்காகத்தான்.

முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். யாரோடும் பகிர்ந்துகொள்ளாதே, கடையிலுள்ள டெஸ்டரைக் கண்ணில் வைக்காதே, கண் சிவந்து நோயாயிருக்கும்போது போடாதே என்றேன். டப்பாவில் திறந்த மூடி படம் போட்டு 6 அல்லது 12 என்று எழுதியிருக்கும்; திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான் பாவிக்கலாம் என்று அர்த்தம்.

அவள் பில் போட்டு வாங்கிக்கொண்டாள். போகும்போது திரும்பி நின்று கேட்டாள்: "பாஸ்டர், இப்படி மறைக்கிறது பொய்யா?"

நான் சிரித்துக்கொண்டே, "அப்படியெல்லாம் இல்லம்மா, தைரியமா போட்டுட்டுப் போ" என்றேன். கவுண்டரில் நின்று நான் கொடுத்த பதில் அது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது

அந்த வாரம் உபவாச ஜெபத்தில் சபையின் மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "பாஸ்டர், வாலிபப் பிள்ளைங்க கண்ணுல கலர் அடிச்சுட்டு ஆராதனைக்கு வருதுங்க. நீங்க யேசபேலை எடுத்துக் கொஞ்சம் காரமா பேசணும்" என்றார். பேசினேன். காரமாகவே பேசினேன். 2 இராஜாக்கள் 9:30-ஐ எடுத்து, கண்ணுக்கு மையிட்டு ஜன்னல் வழியாய் எட்டிப் பார்த்தவளை நாய்கள் தின்றதைச் சொல்லி, "இமையில் வர்ணம் பூசுகிறவள் எவளோ, அவளுக்குள் யேசபேலின் ஆவி" என்று முழங்கினேன். பெரியவர்கள் "ஆமென், அல்லேலூயா" என்றார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து தலைகுனிந்தபடி வெளியே போனதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை கடை திறந்தவுடன் அவள் வந்து நின்றாள். கையில் அந்த டப்பா, பிரைமர் டியூப், பில். கோபமாகப் பேசவில்லை. "செவ்வாய்க்கிழமை நீங்க சொன்னது சரியா, ஞாயித்துக்கிழமை சொன்னது சரியான்னு மட்டும் சொல்லிடுங்க பாஸ்டர். ரெண்டும் நீங்கதான சொன்னீங்க?" என்றாள்.

பிரியமானவர்களே, என் ஊழியத்தில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு வாய் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் போய்விட்டாள். அடுத்த ஐந்து ஞாயிறு சபைக்கு வரவில்லை.

வேதம் என்ன சொல்லுகிறது?

அந்த ஐந்து வாரமும் ராத்திரியில் கல்லூரி நோட்டுகளையும் எபிரெய அகராதியையும் எடுத்து உட்கார்ந்தேன். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குப் படிப்பித்ததுதான். தெரிந்தும் நான் சொல்லாமல் விட்டதுதான்.

முதலாவது, யேசபேலுக்குத் தண்டனை வந்தது எதற்காக? 1 இராஜாக்கள் 21-ஐ வாசியுங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்காக ராஜாவின் பேரில் கள்ளக் கடிதம் எழுதி, பொய்ச்சாட்சிகளை ஏற்படுத்தி, ஒரு நீதிமானைக் கல்லெறிந்து கொல்லவைத்தாள். நாய்கள் தின்னும் என்று எலியா தீர்க்கதரிசனம் சொன்னது அந்த அதிகாரத்தில். அவள் மையிட்டது அதற்கு அநேக வருஷங்களுக்குப் பின். தீர்ப்பு எழுதி முடிந்த பிறகுதான் மைச்சிமிழ் கதைக்குள் வருகிறது. குற்றப்பத்திரிகையில் மை இல்லை. கொலையும் களவும் பொய்க் கையெழுத்துமே இருந்தது. நாம் அந்தக் கொலையை விட்டுவிட்டு மையைப் பிடித்துக்கொண்டோம். ஏனென்றால் மை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. நிலத்தைப் பிடுங்குகிற பாவம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தாலும் இருக்கும்.

இரண்டாவது, மையிட்ட கண்ணை எரேமியா 4:30-ம் எசேக்கியேல் 23:40-ம் சொல்லுகிறது உண்மைதான். அங்கே பேச்சு ஒரு பெண்ணைப்பற்றியல்ல. தேவனை விட்டுவிட்டு அந்நியரை நம்பின ஒரு நகரத்தைப்பற்றி. உவமைக்கு எடுத்த பொருளையே பாவம் என்று சொல்லிவிட்டால், அதே எரேமியாவில் உவமையாக வருகிற அரைக்கச்சையையும் நாம் கட்டக்கூடாது.

மூன்றாவது, இதை வாசித்தபோது நான் நோட்டை மூடிவைத்துவிட்டேன். யோபுவின் துன்பம் தீர்ந்தபின் அவனுக்குப் பிறந்த மூன்றாம் குமாரத்தியின் பெயர் கேரேனாப்புக் (யோபு 42:14). எபிரெயத்தில் "கேரென்" என்றால் கொம்பு. "பூக்" என்றால் கண்ணுக்குத் தீட்டுகிற மை. மை வைக்கிற கொம்புச்சிமிழ் என்று தன் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறான் அந்த உத்தமன். 2 இராஜாக்கள் 9:30-ல் யேசபேலின் கண்ணில் இருப்பதும் இதே "பூக்"தான். இன்னும் கேளுங்கள். ஏசாயா 54:11-ல், புயலில் அடிபட்டுத் தேற்றரவில்லாமல் இருக்கிறவளின் கற்களைத் தாமே அழகாய்ப் பதிப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுக்கிறாரே, அங்கே எபிரெயத்தில் இருப்பதும் இந்தச் சொல்தான். நம் தமிழ் மொழிபெயர்ப்பில் அது மை என்று வெளியே தெரியாது. சிறுமைப்பட்டவளுக்குத் தேவன் செய்கிற அலங்காரத்துக்கு ஆவியானவர் அந்தச் சொல்லை எடுக்கக் கூசவில்லை. நான்தான் கூசினேன்.

நான்காவது, 1 பேதுரு 3-ம் அதிகாரமும் 1 தீமோத்தேயு 2-ம் அதிகாரமும். இவற்றை நான் இலேசாக்கவில்லை. பின்னல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் என்று அப்போஸ்தலர் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பணக்காரி தன் பணத்தைச் சபைக்குள் காட்டுவதும், ஏழை கூனிக் குறுகுவதும் அங்கே காரியம். நம் தாய்மார் நகை கழற்றி எளிமையாக நடந்த சாட்சியை நான் கனப்படுத்துகிறேன். மனப்பூர்வமாகக் கொடுத்த காணிக்கை அது. ஆனால் காணிக்கை கொடுக்கிறவளுடையது. அடுத்தவள் பையில் கைவிட்டு எடுத்துப் போடுவதற்குக் காணிக்கை என்று பெயரில்லை.

ஐந்தாவது, வெளிப்பூச்சைப்பற்றி நம் ஆண்டவர் வாயிலிருந்து வந்த மிகக் கடுமையான வார்த்தை எது? வெள்ளையடித்த கல்லறை (மத்தேயு 23:27). அதை அவர் எந்தப் பெண்ணையும் பார்த்துச் சொல்லவில்லை. வேதத்தைப் போதிக்கிறவர்களைப் பார்த்துச் சொன்னார். மலைப்பிரசங்கத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உபவாசிக்கிறேன் என்று காட்ட முகத்தை வாடப்பண்ணிக்கொள்ளுகிறவர்களைக் கண்டித்து, நீ உபவாசிக்கும்போது எண்ணெய் பூசி முகம் கழுவிக்கொள் என்கிறார் (மத்தேயு 6:16-17). ஆகையால் பூசாத முகமும் ஒரு வேஷமாக இருக்கலாம். நான் பவுடர்கூடப் போடுவதில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அதிகமாய்ப் பூசிக்கொண்டு நின்றவன் நானே.

மறைப்பது பொய்யா?

அவள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். அதற்கு நான் செவ்வாய்க்கிழமை சிரித்துக்கொண்டு பதில் சொன்னதும் தப்பு. அது சிரிக்கிற கேள்வி அல்ல.

மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. நாம் எல்லாரும் உடுத்திக்கொண்டுதான் நடக்கிறோம். ஏதேனில் தோல் உடையைத் தேவனே செய்து உடுத்தினார் (ஆதியாகமம் 3:21). பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவனுக்கு என் தோலின் சரித்திரத்தை அறிய எந்த உரிமையும் இல்லை. அவன் பார்வைக்கு முன் ஒரு பிள்ளை தன் இமையை மூடிக்கொண்டால் அவள் யாரையும் ஏமாற்றவில்லை. அவனுக்குக் கொடுக்கவேண்டிய கடன் ஒன்றையும் அவள் பிடித்துவைக்கவில்லை.

ஆனால் சிலருக்கு உண்மையை நாம் கடன்பட்டிருக்கிறோம். வைத்தியரிடம் மேக்கப்போடு போய் உட்கார்ந்தால் அவர் எப்படிப் பார்ப்பார்? இல்வாழ்க்கையில் கை கோக்கப் போகிறவரிடம் மறைத்தால் அது பொய்தான். அவளுடைய தகப்பனார் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நன்றாகப் பூசிக்கொண்டு நில், கலியாணம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் அந்தப் பிள்ளையின் பாரம். அதற்காகத்தான் அவள் வாசலில் திரும்பி நின்று கேட்டாள். கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மேய்ப்பன் கேட்கவேண்டாமா? நான் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அளவு இதுதான்: என்ன பூசினாய் என்பதல்ல, யாரிடம் மறைத்தாய் என்பதே. அறிந்துகொள்ள உரிமையுள்ளவனிடம் மறைத்தால் வெறும் முகத்தோடு மறைத்தாலும் பொய்.

இந்த அளவை எடுத்து என்னையே நிறுத்துப் பார்த்தேன். யேசபேல் வசனம் நான் சொன்னதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். என் சபைக்கு அதை அறிய உரிமை உண்டு. மூப்பர் முகம் கோணக்கூடாது என்று மறைத்தேன். கவுண்டரில் ஒரு கல், பிரசங்கபீடத்தில் ஒரு கல்.

இன்னொன்றையும் அறிக்கை செய்கிறேன். என் கடையில் மேல்தட்டில் ஒரு பெட்டி இருந்தது. ஐ-ஷேடோ செட்டுகள், வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர் போட்டவை. டூப்ளிகேட். செய்தவன் பெயர் இல்லை, முகவரி இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை. நம் நாட்டில் 1940-ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம் இருக்கிறது, 2020-ல் அழகுசாதனப் பொருட்களுக்கென்றே தனி விதிகள் வந்திருக்கின்றன. ஈயமும் ஆர்செனிக்கும் கலந்த சாயத்தை அழகுசாதனத்தில் சேர்க்கக்கூடாது என்பது சட்டம். முகவரி இல்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்பது? அதை விற்றால் லாபம் இரண்டு பங்கு. அந்தச் சகோதரிக்கு நல்ல சரக்குதான் கொடுத்தேன். தெரிந்த பிள்ளை என்பதால். தெரியாத பிள்ளைகளுக்கு மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கண்ணில் வைக்கிற சாமான், தேவ ஜனமே! இதற்கு யேசபேல் பிரசங்கம் யார் எனக்குச் செய்தார்கள்?

அப்போது இன்னொரு காரியமும் என் மனதைக் குத்தியது. மினுமினுக்கிற ஐ-ஷேடோவில் மினுக்கம் வருவது பெரும்பாலும் மைக்காவினால். அப்பிரகம், காக்காப்பொன் என்று நம் ஊரில் சொல்லுவோமே, அது. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடீ பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அதைப் பொறுக்குகிறார்கள். அப்படிப்பட்ட சுரங்கங்கள் இடிந்து பிள்ளைகள் செத்ததையும், அந்தச் சாவுகள் மூடிமறைக்கப்பட்டதையும் 2016-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் வெளியே கொண்டுவந்தது. அடுத்த வருஷம் கம்பெனிகள் சேர்ந்து இதைச் சீர்ப்படுத்த ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தின. கூலிக்காரரின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவியில் ஏறுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறதே! இமையில் மினுக்கம் இருக்கலாமா என்று முப்பது வருஷம் வாதாடினோம். அந்த மினுக்கம் யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வாங்குகிறவர்கள் கேளுங்கள். மினுக்கமில்லாத நிறத்தை எடுங்கள், அல்லது செயற்கை மைக்கா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அலங்காரத்தைப்பற்றிய வேதபாடத்தில் இதற்கும் ஒரு இடம் இருக்கட்டும்.

கல்லை வெளியே எறிந்தேன்

ஆறாவது வாரம் நானும் என் மனைவியும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை சொன்னது தப்பு அம்மா. செவ்வாய்க்கிழமை பாதிதான் சொன்னேன்" என்று சொல்லி, மேலே எழுதினதைச் சொன்னேன். தகப்பனாருக்குக் கோபம் வந்தது. "நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க பாஸ்டர், பிள்ளைய யாரு கட்டிக்குவா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அழுதேன், ஜெபித்தேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன் அறிக்கை செய்தேன். அதற்குப்பின் இரண்டு குடும்பங்கள் நம் ஐக்கியத்தை விட்டுப் போய்விட்டார்கள். என்னை அழைத்துப் பேசச்சொன்ன மூப்பர் போகவில்லை. மூன்று வாரம் என்னோடு பேசாமல் இருந்தார், நான்காவது வாரம் அவராக வந்து கை கொடுத்தார். மேல்தட்டுப் பெட்டியைக் கடைக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைக்கலாமா என்று நினைத்தேன். மண்ணைக் கெடுக்கும் என்று மகன் சொன்னான். உடைத்து, யாரும் எடுத்து விற்கமுடியாதபடி நகராட்சிக் குப்பை வண்டியில் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் சரக்கு. என் வீட்டில் அந்த மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்தச் சகோதரி பெண் பார்க்க வர இருந்தவர்களுக்கு முன்கூட்டியே ஆள் விட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர்கள் வரவில்லை. ஆண்டவர் அதைவிட நல்ல வரனை உடனே கொடுத்தார் என்று எழுத எனக்கு ஆசை. அது இன்னும் நடக்கவில்லை. நடக்காததைச் சாட்சியாக எழுதமாட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாள். முதல் நாள் பூசிக்கொண்டு போனாளாம். ஒரு மாதம் கழித்து ஒரு சின்னப் பிள்ளை தன் கையிலுள்ள வெண்புள்ளியை அவளிடம் காட்டி அழுததாம். மறுநாள் அவள் பூசாமல் போனாள். இப்போது சில நாள் பூசுவாள், சில நாள் பூசமாட்டாள். "ரெண்டு நாளும் நான் நான்தான் பாஸ்டர்" என்றாள். என் டிப்ளமோவில் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

சபைக்குத் திரும்ப வருகிறாள். அதே மூன்றாம் வரிசை. இந்த ஞாயிறு இமையில் வர்ணம் இருந்ததா இல்லையா என்று பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுவதும் பழகவில்லை.

இதை வாசிக்கிற ஊழியக்காரனே, கடைக்காரனே, தகப்பனே, உன் பையைத் திறந்து பார். வீட்டில் ஒரு கல், சபையில் ஒரு கல்லா? தெரிந்தவனுக்கு ஒரு கல், தெரியாதவனுக்கு ஒரு கல்லா? நான் எனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். கவுண்டரில் நின்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாத எதையும் பிரசங்கபீடத்தில் சொல்லமாட்டேன். பிரசங்கபீடத்தில் அறிக்கை செய்யமுடியாத எதையும் கவுண்டரில் விற்கமாட்டேன். எழுப்புதல் வேண்டும் என்று கைதட்டிக் கேட்கிறோம். அது என் பையிலிருந்து ஒரு கல்லை வெளியே எடுத்துப் போடுவதில் ஆரம்பிக்கட்டும்.

ஜெபிப்போம். அன்பின் பரம தகப்பனே, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நாங்கள் போட்ட தீர்ப்புகளை மன்னியும். எங்கள் வார்த்தையினால் எழுந்து வெளியே போனவர்களைத் திரும்பக் கொண்டுவாரும். எங்களுக்கு ஒரே நாவும் ஒரே அளவும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்